லா ஸ்கூல் அப்ளிகேஷனில் குறைந்த மார்க்குக்கு விளக்கம் எழுதலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் கொஞ்சம் வித்தியாசமானது. ஆனா இதுக்குப் பின்னாடி இருக்கிற பணம் சின்னது கிடையாது.

அமெரிக்காவில் நாலஞ்சு வருஷம் வேலை பார்த்த இன்ஜினியர்களில் சிலர் சட்டப் படிப்பு பக்கம் திரும்புறாங்க. காரணம் இருக்கு. அங்கே பேட்டன்ட் அலுவலகத்தில் பதிவு செய்து வாதாடணும்னா அறிவியல் அல்லது இன்ஜினியரிங் பின்னணி வேணும். கையில் இருக்கிற பி.இ. டிகிரி அங்கே வீணாப் போகாது. அதுக்கு மேல ஜேடி என்கிற 3 வருஷ சட்டப் படிப்பு முடிச்சா பேட்டன்ட் வக்கீல் ஆகலாம்.

அப்ளிகேஷன் போட உட்காரும்போதுதான் பயம் வரும். "காலேஜ்ல ரெண்டு செமஸ்டர் மார்க் போச்சே. எல்சாட் ஸ்கோரும் நினைச்ச மாதிரி வரலையே. ஒரு விளக்கக் கடிதம் எழுதி வச்சுடலாமா?"

இந்தக் கடிதத்துக்கு அங்கே அடெண்டம்னு பேர். இது பர்சனல் ஸ்டேட்மென்ட் கிடையாது. அப்ளிகேஷனோட தனியா சேர்க்கிற ஒரு சின்ன இணைப்பு. பெரும்பாலும் நம்ம விருப்பம்தான். எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடறேன். மாத்த முடிஞ்ச நம்பரை மாத்துங்க. மாத்த முடியாத நம்பருக்கு, உண்மையான காரணம் இருந்தா மட்டும் எழுதுங்க. அப்ளிகேஷன்லயே நேரா கேட்கிற கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்காதீங்க.

ஏன் இப்படின்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம் வாங்க.

உங்க நம்பர் எங்கே போகுது?

அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் வருஷா வருஷம் ஒரு ரிப்போர்ட் வெளியிடணும். ஸ்டாண்டர்ட் 509 ரிப்போர்ட்னு பேர். அதில் அந்த வருஷம் சேர்ந்த மாணவர்களின் எல்சாட் ஸ்கோரும் ஜிபிஏவும் மூணு புள்ளியா இருக்கும்: 25-வது பர்சன்டைல், நடுப்புள்ளி, 75-வது பர்சன்டைல். கட்டணம் எவ்வளவு, எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப், எவ்வளவு தொகை, எல்லாமே அதில் உண்டு. இலவசமா எல்லாரும் பார்க்கலாம்.

இதில் நடுப்புள்ளிதான் முக்கியம். ஸ்கூலோட பேரும் ரேங்கிங்கும் இந்த நம்பரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால நடுப்புள்ளியைத் தாண்டின ஸ்கோர் வச்சிருக்கிறவரை இழுக்க ஸ்கூலே பணம் கொடுக்கத் தயாரா இருக்கும். மெரிட் ஸ்காலர்ஷிப்னு சொல்றதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்குது.

இப்போ ஒரு விஷயத்தை கவனிங்க. 509 ரிப்போர்ட்ல நம்பர் மட்டும்தான் போகும். நீங்க எழுதுற விளக்கம் அதில் போகாது. 158 எடுத்தவர் எவ்வளவு உருக்கமா காரணம் எழுதினாலும், ரிப்போர்ட்ல அவர் 158தான். அடெண்டம் உங்க ஃபைலைப் படிக்கிற அதிகாரியின் சந்தேகத்தைத் தீர்க்கும். நம்பரை ஏத்தாது. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா பாதி முடிவு எடுத்த மாதிரி.

ஒரு சின்ன பணக் கணக்கு

ஒரு ஸ்கூல்ல கட்டணம் வருஷத்துக்கு 60,000 டாலர்னு வச்சுக்குவோம். டாப் ஸ்கூல்கள்ல இது 70,000-ஐயும் தாண்டும். 3 வருஷத்துக்கு 1,80,000 டாலர். சாப்பாடு, வாடகை தனி.

இதில் பாதி ஸ்காலர்ஷிப்பா கிடைச்சா 90,000 டாலர் மிச்சம். கிடைக்கலைன்னா அந்த 90,000 கடன். 8 சதவீத வட்டி, 10 வருஷம்னு போட்டா இஎம்ஐ மாசம் சுமார் 1,090 டாலர். மொத்தமா கட்டி முடிக்கும்போது சுமார் 1,31,000 டாலர் கொடுத்திருப்பீங்க.

இன்னொரு புது விஷயம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, அமெரிக்க அரசின் கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1-லிருந்து புதுசா கடன் வாங்குறவங்களுக்குக் கிடையாது. சட்டம், மருத்துவம் மாதிரி தொழில்படிப்புக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2,00,000 டாலர்னு வரம்பு வந்திருக்கு. அதுக்கு மேல தேவைப்பட்டா தனியார் கடன்தான். சிட்டிசன், கிரீன் கார்டு உள்ளவங்களுக்கே இந்த நிலைமை. விசாவில் இருக்கிறவங்களுக்கு அரசுக் கடனே கிடையாது. தனியார் கடனுக்கும் பெரும்பாலும் அங்கே ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து போடணும்.

"வக்கீல் ஆனா சம்பளத்தில் அடைச்சிடலாமே"ன்னு தோணும். பெரிய நிறுவனங்களில் முதல் வருஷச் சம்பளம் 2,25,000 டாலர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது உண்மைதான். ஆனா புது வக்கீல்கள் எல்லாருக்கும் அது கிடைக்கிறது இல்லை. சம்பள வரைபடத்தைப் பார்த்தா ஒட்டகம் மாதிரி ரெண்டு திமில் இருக்கும். ஒண்ணு அந்தப் பெரிய சம்பளம். இன்னொண்ணு அதில் பாதிக்கும் கீழே. நீங்க எந்தத் திமில்ல போய் உட்காருவீங்கன்னு சேரும்போது தெரியாது. அதனால கடனைக் குறைக்கிறதுதான் நம்ம கையில் இருக்கிற வேலை.

எல்சாட் ஸ்கோர் கம்மியா? எழுதுறதுக்கு முன்னாடி யோசிங்க

எல்சாட் மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. 170 எடுத்தா எழுதுறவங்களில் மேல் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கீங்கன்னு அர்த்தம். 2024 ஆகஸ்ட்லிருந்து பலரையும் பயமுறுத்தின லாஜிக் கேம்ஸ் பகுதியை எடுத்துட்டாங்க. இப்போ லாஜிக்கல் ரீசனிங், ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் மட்டும்தான்.

முக்கியமான விதி இதுதான். ஒருத்தர் பல தடவை எழுதியிருந்தாலும், ஸ்கூல் தன் ரிப்போர்ட்ல காட்டுறது அவருடைய அதிகபட்ச ஸ்கோரை. 2006-க்கு முன்னாடி சராசரி கணக்கு இருந்தது, இப்போ இல்லை. வாழ்நாளில் 7 தடவை வரை எழுதலாம். பழைய ஸ்கோர் ஸ்கூலுக்குத் தெரியும்தான். ஆனா கணக்கில் நிக்கிறது உயர்ந்தது.

அப்போ என்ன அர்த்தம்? எல்சாட் ஸ்கோர் மாத்த முடிஞ்ச நம்பர். தேர்வுக் கட்டணம் சுமார் 250 டாலர். கூட மூணு நாலு மாசம், தினம் ஆபீஸ் முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரப் படிப்பு. அதில் நாலஞ்சு பாயின்ட் ஏறி நடுப்புள்ளியைத் தாண்டினா, மேலே போட்ட 90,000 டாலர் கணக்கே மாறிடும். "எனக்கு அன்னைக்கு ஜுரம்"னு எழுதுற கடிதத்துக்கு அந்த சக்தி கிடையாது.

மாணவரா இருந்தா "இந்த வருஷமே சேரணும்"னு அவசரம் இருக்கும். நீங்க சம்பளம் வாங்குறவங்க. ஒரு வருஷம் தள்ளிப் போட்டா சம்பளம் நிக்காது, சேமிப்பும் ஏறும். வக்கீல் வருமானம் ஒரு வருஷம் தள்ளிப் போறது இழப்புதான், இல்லைன்னு சொல்லல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நீங்களே கணக்குப் போடுங்க.

சரி, எல்சாட்டுக்கு அடெண்டம் எப்போ எழுதலாம்? மூணு சூழ்நிலை.

முதலாவது, ரெண்டு தேர்வுக்கு நடுவில் பெரிய இடைவெளி, அதுக்கு ஒரே ஒரு தெளிவான காரணம். 152-லிருந்து 166-க்கு போயிருந்தா, நடுவில் என்ன மாறுச்சுன்னு ரெண்டு வரி சொல்லலாம். 161, 163-க்கெல்லாம் விளக்கம் வேண்டாம். எல்சாட்டிலேயே ஒரு ஸ்கோருக்கு ரெண்டு பக்கமும் சுமார் 3 பாயின்ட் வரை வித்தியாசம் சகஜம்னு ஒப்புக்கிறாங்க.

ரெண்டாவது, இந்த மாதிரித் தேர்வுகளில் எப்பவுமே உங்க ஸ்கோர் கம்மி, ஆனா படிப்பில் மேலே வந்திருக்கீங்கன்னு ஆதாரம் இருந்தா. எஸ்ஏடி சுமார்தான், ஆனா காலேஜ்ல 3.9 எடுத்தேன்னு ரெண்டு நம்பரையும் காட்ட முடிஞ்சா அது வாதம். ஆதாரம் இல்லாம "இந்தத் தேர்வு என் திறமையைக் காட்டாது"ன்னு மட்டும் எழுதினா அது புலம்பல்.

மூணாவது, உடல்நிலை காரணமா கூடுதல் நேரம் தேவைப்பட்டு, முதல் தடவை அது இல்லாம எழுதியிருந்தா. இதில் சொல்லணுமா வேண்டாமாங்கிறது முழுக்க உங்க விருப்பம். 2014-ல் வந்த ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, கூடுதல் நேரத்தில் எழுதின ஸ்கோரை தனியா குறியிட்டு அனுப்புறது நின்னு போச்சு. நீங்களா சொன்னாதான் தெரியும்.

ஜிபிஏ கம்மியா? இங்கேதான் அடெண்டத்துக்கு வேலை

ஜிபிஏ கதை வேற. முதல் டிகிரி வாங்கின அன்னைக்கே அது பூட்டின பெட்டி. அப்ளிகேஷன்களைத் தொகுக்கிற எல்சாக் அமைப்பு உங்க யுஜி ஜிபிஏவை தானே திரும்பக் கணக்குப் போடும். அதுக்கப்புறம் எம்எஸ் முடிச்சு 3.9 எடுத்தாலும் அந்த யுஜி நம்பரில் சேராது. இன்னொரு அதிர்ச்சி: ஃபெயில் ஆன பாடத்தைத் திரும்ப எடுத்து பாஸ் பண்ணி, உங்க காலேஜ் பழைய கிரேடை கணக்கிலிருந்து நீக்கியிருந்தாலும், டிரான்ஸ்கிரிப்ட்ல அது தெரிஞ்சா எல்சாக் ரெண்டையும் சேர்க்கும்.

மாத்த முடியாத நம்பர் என்பதால் இங்கே விளக்கத்துக்கு இடம் இருக்கு. ஆனா எல்லாருக்கும் இல்லை.

சிபில் ஸ்கோரை வச்சு யோசிங்க. 780 வச்சிருக்கிறவர் பேங்க் மேனேஜர்கிட்ட போய், "சார், 5 வருஷம் முன்னாடி கிரெடிட் கார்டு பில்லை 3 நாள் லேட்டா கட்டினேன், ஏன்னா..."ன்னு ஆரம்பிப்பாரா? மேனேஜர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இவர் காட்டிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் பார்ப்பார். ஒரே ஒரு பாடத்தில் சி வாங்கினதுக்கு அடெண்டம் எழுதுறதும் அப்படித்தான்.

அதே சிபில் ரிப்போர்ட்ல தொடர்ந்து 6 மாசம் இஎம்ஐ கட்டலைன்னு இருந்தா? மேனேஜர் கண்டிப்பா பார்ப்பார், கண்டிப்பா யோசிப்பார். அங்கே "அந்த 6 மாசம் வேலை போயிருந்தது, இதோ ரிலீவிங் லெட்டர், 7-வது மாசத்திலிருந்து ஒரு இஎம்ஐ கூட தவறலை"ன்னு சொன்னா கதையே மாறும்.

டிரான்ஸ்கிரிப்ட்லயும் இதே நாலு விஷயம் ஒண்ணா சேரணும். பள்ளம் பளிச்சுன்னு தெரியணும். அதுக்கு வெளிக்காரணம் ஒண்ணு இருக்கணும்: நோய், வீட்டில் மரணம், குடும்பத்துக்காக வேலை. அந்தக் காரணம் முடிஞ்சு போயிருக்கணும். அதுக்கப்புறம் நீங்க மேலே வந்ததுக்கு ஆதாரம் இருக்கணும்: அடுத்த செமஸ்டர் மார்க், நல்ல எல்சாட், எம்எஸ் ஜிபிஏ, வேலையில் வளர்ச்சி. இதில் கடைசி ரெண்டும் சம்பளக்காரங்களுக்குக் கிடைக்கிற அனுகூலம். காலேஜ்லிருந்து நேரா வர்றவங்ககிட்ட அது இருக்காது.

நாலு வருஷமும் ஒரே மாதிரி சுமாரான மார்க், காரணமும் "அப்போ விளையாட்டுத்தனமா இருந்துட்டேன்"தானா? அடெண்டம் வேண்டாம். உங்க வேலை அனுபவத்தை ரெஸ்யூமும் பர்சனல் ஸ்டேட்மென்டும் பேசட்டும். எல்சாட்டை ஏத்துங்க. ஜிபிஏ குறைவு, எல்சாட் நடுப்புள்ளிக்கு மேலே என்கிற ஆட்களை அங்கே ஸ்பிளிட்டர்னு சொல்வாங்க. அவங்களை எடுக்கவும் ஸ்கூல்களுக்குக் காரணம் இருக்கு.

நம்ம ஊர் டிகிரி வச்சிருக்கிறவங்க கவனிக்க

யுஜியை இந்தியாவில் முடிச்சவங்களுக்கு எல்சாக் ஜிபிஏ போடுறதே இல்லை. மதிப்பெண் பட்டியலை ஆராய்ஞ்சு, சராசரிக்கு மேலே, சராசரி, சராசரிக்குக் கீழே மாதிரி ஒரு தரத்தில் வைப்பாங்க. அதனால உங்க மார்க் ஸ்கூலோட ஜிபிஏ நடுப்புள்ளியைத் தொடாது. "7.2 சிஜிபிஏ, 68 சதவீதம் எல்லாம் அங்கே கேவலமா தெரியுமோ"ன்னு பயந்து, நம்ம ஊர் மார்க் முறையை விளக்கி ரெண்டு பக்கம் எழுதத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், ஜிபிஏ இல்லாததால எல்சாட் ஸ்கோர் மேல பாரம் அதிகம் விழும். படிக்கிற நேரத்தை அங்கே போடுங்க.

அரியர் இருந்தா? அரியர்ங்கிற சொல்லே அவங்களுக்குப் புரியாது. ஒரு செமஸ்டர்ல 4 அரியர் விழுந்து, அதுக்கு மேலே சொன்ன மாதிரி ஒரு காரணமும் இருந்தா, எளிமையா எழுதுங்க: இத்தனை பாடத்தில் தேர்ச்சி பெறலை, இந்தக் காரணம், அடுத்த தேர்விலேயே முடிச்சேன். ஒண்ணு ரெண்டு அரியர், காரணமும் கிடையாதுன்னா சும்மா விடுங்க.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் மாணவர் விசாவில் படிச்சப்போ, செமஸ்டர் நேரத்தில் வெளியே வேலை பார்த்ததால மார்க் குறைஞ்சிருக்கலாம். எஃப்-1 விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள்ளே வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. அதைத் தாண்டின வேலையை அடெண்டத்தில் எழுதினா, விசா விதியை மீறினதா நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி குடியேற்றச் சட்ட வக்கீல்கிட்ட பேசுங்க.

எழுதுறதுன்னா எப்படி?

அரைப் பக்கம். அதுக்கு மேல வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுதப் போறீங்க, சாரத்தைத் தமிழ்ல ஒரு உதாரணமா காட்டுறேன். கற்பனையான ஆள்தான்.

"2017 செப்டம்பரில் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. அந்த செமஸ்டரிலும் அடுத்ததிலும் வாரம் 25 மணி நேரம் வேலை செய்து வீட்டு வாடகையைக் கட்டினேன். அந்த ரெண்டு செமஸ்டரில் என் ஜிபிஏ 2.4. 2018 ஆகஸ்டில் என் அக்கா வேலையில் சேர்ந்ததும் நான் வேலையை விட்டேன். மீதி 4 செமஸ்டரில் என் ஜிபிஏ 3.7."

அவ்வளவுதான். தேதி இருக்கு, நம்பர் இருக்கு, ஆரம்பமும் முடிவும் இருக்கு. "தயவுசெய்து என் மொத்த ஜிபிஏ 3.35-ஐப் பெரிசு பண்ணாதீங்க"ன்னு கெஞ்சல் இல்லை. படிக்கிறவரே அந்த முடிவுக்கு வந்துடுவார்.

இதோட எதிர்ப்பக்கம்: "எங்க காலேஜ்ல மார்க் போடுறது ரொம்ப கஷ்டம், அந்தப் பேராசிரியருக்கு என்னைப் பிடிக்காது, உண்மையில் நான் நல்லாப் படிக்கிறவன்." இதில் சரிபார்க்கக் கூடிய ஒரு தகவல்கூட இல்லை. வக்கீலாகப் போறவர் ஆதாரம் இல்லாம வாதாடினா, அதுவே உங்களுக்கு எதிரான ஆதாரம்.

ஒரு அடெண்டத்தில் ஒரு விஷயம் மட்டும். நோய் விவரத்தை டாக்டர் ரிப்போர்ட் அளவுக்கு எழுத வேண்டாம். "அறுவை சிகிச்சை, 6 வாரம் ஓய்வு"ன்னா போதும். இதை பர்சனல் ஸ்டேட்மென்ட்ல கலக்காதீங்க. அது நீங்க யாருன்னு சொல்ற இடம், மார்க்குக்குக் கணக்குக் கொடுக்கிற இடம் இல்லை. அந்தந்த ஸ்கூல் அப்ளிகேஷன்ல என்ன கேட்டிருக்காங்க, பக்க அளவு என்னன்னு படிச்சுட்டு எழுதுங்க.

இது உங்க விருப்பம் கிடையாது

அப்ளிகேஷன்ல கேரக்டர் அண்ட் ஃபிட்னஸ்னு ஒரு பகுதி வரும். காலேஜ்ல ஒழுங்கு நடவடிக்கை உண்டா, காப்பி அடிச்சு மாட்டினது உண்டா, அகாடெமிக் புரொபேஷன்ல வச்சாங்களா, கைது உண்டா... ஸ்கூலுக்கு ஸ்கூல் கேள்வி மாறும். இங்கே "எழுதலாமா வேண்டாமா" என்கிற யோசனையே கூடாது. கேட்டிருந்தா சொல்லியே ஆகணும்.

காரணம், 3 வருஷம் கழிச்சு பார் உரிமத்துக்கு நீங்க விண்ணப்பிக்கும்போது அவங்களும் இதையே கேட்பாங்க, உங்க பழைய லா ஸ்கூல் அப்ளிகேஷனோட ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். பழைய சின்னத் தப்பை மன்னிப்பாங்க. மறைச்சதை மன்னிக்கிறது கஷ்டம். 1,80,000 டாலர் செலவு பண்ணி படிச்சுட்டு உரிமத்தில் சிக்கினா, அதுக்கு எந்த ஸ்காலர்ஷிப்பும் ஈடாகாது.

சீட் கிடைச்சதும் ஒரு வேலை

விளக்கம் எழுதி, சீட்டும் ஸ்காலர்ஷிப்பும் வந்தாச்சுன்னா உடனே ஓகே சொல்லிடாதீங்க. அது நிபந்தனையோட வந்ததான்னு பாருங்க. முதல் வருஷத்தில் இவ்வளவு ஜிபிஏ எடுக்கலைன்னா நிறுத்திடுவோம்னு சில ஸ்கூல்கள் சொல்லும். அங்கே மார்க் பெரும்பாலும் கர்வ் முறையில் போடுவாங்க, எல்லாரும் மேலே வர முடியாது. நிபந்தனை ஸ்காலர்ஷிப்பை எத்தனை பேர் இழந்தாங்கன்னு அதே 509 ரிப்போர்ட்ல இருக்கும். நல்லாப் படிக்கிறவங்க கூட்டத்தில் நீங்களும் ஒருத்தர் என்பதை மறந்துடாதீங்க.

முடிவெடுக்க நாலு கேள்வி

1. இந்த நம்பரை என்னால மாத்த முடியுமா? முடியும்னா முதல்ல அதைப் பண்ணுங்க.
2. நான் சொல்லாமலே இந்தப் பள்ளம் கண்ணில் படுமா? படாதுன்னா விடுங்க.
3. தேதி, நம்பரோட சொல்லக் கூடிய, முடிஞ்சு போன காரணம் இருக்கா? இல்லைன்னா விடுங்க.
4. அதுக்கப்புறம் நான் மேலே வந்ததுக்கு ஆதாரம் இருக்கா? இருந்தா அரைப் பக்கம் எழுதுங்க.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை பண்ணுங்க. நீங்க போட நினைக்கிற 5 ஸ்கூலோட 509 ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி, எல்சாட் நடுப்புள்ளி, ஜிபிஏ நடுப்புள்ளி, ஸ்காலர்ஷிப் தொகை, நிபந்தனை உண்டா இல்லையா, இந்த நாலையும் ஒரு எக்செல் ஷீட்ல போடுங்க. உங்க நம்பரை பக்கத்துல எழுதுங்க. அடெண்டம் வேணுமா, இன்னொரு தடவை எல்சாட் எழுதணுமான்னு அந்த ஷீட்டே சொல்லிடும்.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, சொந்த விவரம், மார்க் ஷீட் போட்டோ எல்லாம் அங்கே போடாதீங்க. சட்டம் படிக்க யோசிக்கிற ஃபிரெண்ட் இருந்தா, அவங்க பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க. அடுத்த பதிவில் சந்திக்கலாம்!